ஆட்டோகிராஸ்: நாள் முழுக்க மைதானம், வண்டிக்குள் ஆறே நிமிடம். பயிற்சிக்கு எங்கே போவது?

கடைசிகியர் (மிச்சிகன்)

அனைவருக்கும் வணக்கம். எஸ்சிசிஏ (ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா) அமைப்பின் வட்டாரக் கிளை நடத்தும் ஆட்டோகிராஸில் இரண்டு பருவங்களாக ஓட்டி வருகிறேன். வண்டி 2019 மஸ்டா மியாட்டா. சில மாற்றங்களுக்கு மட்டுமே அனுமதியுள்ள ஸ்ட்ரீட் பிரிவு என்பதால் ஷாக் அப்சார்பரும், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் முன்பக்க ஆன்ட்டி-ரோல் பாரும் மட்டுமே மாற்றியிருக்கிறேன். டயர் 200 டிரெட்வேர் ரகம் (டிரெட்வேர் என்பது தேய்மானக் குறியீடு; எண் குறைந்தால் டயர் சீக்கிரம் தேயும்). என் பிரிவில் வழக்கமாக வெல்பவரிடம் இருப்பதும் இதே வண்டி, இதே டயர்தான். 55 நொடித் தடத்தில் எங்களுக்குள் இரண்டரை நொடி இடைவெளி. போன மாதம் போட்டி முடிந்த பிறகு அவர் என் வண்டியை வாங்கி ஓட்டினார். தன் வண்டியில் எடுத்த நேரத்தையே என் வண்டியிலும் எடுத்துவிட்டு, "அருமையாகப் பராமரிக்கிறீர்கள்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். அந்தப் பாராட்டை நான் எப்படி எடுத்துக்கொண்டிருப்பேன் என்று விளக்கத் தேவையில்லை.

இந்த விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: விமான ஓடுதளம் போன்ற பரந்த தரையில் கூம்புகளை வைத்து ஒரு தடம் அமைப்பார்கள். ஒவ்வொரு வண்டியாகப் போக வேண்டும், போட்டி கடிகாரத்தோடுதான். கூம்பைச் சாய்த்தால் ஒன்றுக்கு 2 நொடி அபராதம். வழி தவறினால் அந்த ஓட்டம் கணக்கில் சேராது. ஒவ்வொரு முறையும் தடம் புதிது.

என் கேள்வி இதுதான். காலை ஏழு மணிக்குப் போனால் மாலை நான்கு மணிக்குத்தான் திரும்புகிறேன். கிடைப்பது ஐந்தாறு ஓட்டங்கள். ஓட்டத்துக்கு ஒரு நிமிடம் என்றால், நாள் முழுவதற்கும் ஆறு நிமிடம்கூட வண்டியை வேகமாக ஓட்டுவதில்லை. கிரிக்கெட்டில் போட்டி இல்லாத நாளில் வலைக்குள் நின்று நூறு பந்து ஆடலாம். இதற்கு வலை எங்கே இருக்கிறது?

பொதுச் சாலையில் பழகு என்று சொல்பவர்கள் தயவுசெய்து வேண்டாம்.

ரப்பர்மணம் (கலிஃபோர்னியா)

200 டிரெட்வேர் என்று பக்கவாட்டில் அச்சிட்டிருந்தால் எல்லா டயரும் ஒன்றாகிவிடாது. பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா ஏ052 இரண்டும் ஒரு கூட்டம். மற்றவை வேறு கூட்டம். உங்கள் டயருக்கு வயது என்ன? எத்தனை முறை சூடாகி ஆறியிருக்கிறது? பழைய டயரில் கட்டை ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். முதலில் அதை மாற்றுங்கள். பயிற்சி பிறகு.

சும்மாஒருவன்

அவர் வண்டியிலேயே இன்னொருவர் வெற்றி நேரம் எடுத்தார் என்று எழுதியிருக்கிறாரே. முழுதாகப் படித்துவிட்டுப் பதில் எழுதினால் நாலு டயர் காசு மிச்சமாகும்.

வளைகோடு (ஒகையோ)

தம்பி, உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஆறு நிமிடம்தான் கிடைக்கிறது என்றால், மீதி எட்டு மணி நேரத்தை என்ன செய்கிறீர்கள் என்பதுதான் பயிற்சி.

ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர் ஒரே வளைவை நூறு முறை சுற்றிச் சுற்றிக் கற்றுக்கொள்கிறார். நமக்கு அந்த வசதி இல்லை. எஸ்சிசிஏ தேசியப் போட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். நெப்ராஸ்காவின் லிங்கன் நகரத்தில் செப்டம்பரில் நடக்கிறது. ஆயிரத்துக்கும் அதிகமானோர் வருகிறார்கள். கிழக்கு, மேற்கு என்று இரண்டு தடங்கள். ஒரு நாள் ஒரு தடத்தில் மூன்று ஓட்டம், மறுநாள் மற்றதில் மூன்று ஓட்டம். இரண்டிலும் எடுத்த சிறந்த நேரங்களைக் கூட்டினால் முடிவு. ஒரு வருட உழைப்புக்கு ஆறே வாய்ப்பு. அங்கே வெல்பவர்கள், பார்த்திராத தடத்தில் முதல் ஓட்டத்திலேயே ஏறக்குறைய முழு வேகத்தில் போகத் தெரிந்தவர்கள். வண்டியை அடக்கும் திறமை அவர்களைச் சுற்றியிருக்கும் எல்லோரிடமும் உண்டு. ஆகவே நீங்கள் பழக வேண்டியது, தடத்தைப் படிப்பது.

காலையில் தடத்தை நடந்து பார்க்கும் நேரத்தில் என்ன நடக்கிறது? நான்கு பேர் கையில் காப்பியோடு, போன வாரக் கதை பேசிக்கொண்டு நடக்கிறார்கள். முடிவில் வழி மட்டும் தெரிகிறது. முதல் நடைக்கு அது போதும், கூட்டத்தோடு போங்கள். இரண்டாவது நடை தனியாக. காதில் எதையாவது மாட்டிக்கொண்டால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்பும் குந்தி உட்காருங்கள். மியாட்டாவில் உங்கள் கண் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். நின்றபடி பார்க்கும்போது தெளிவாகத் தெரிகிற வாசல் (இரண்டு கூம்புகளுக்கு நடுவே போகும் வழி), அந்த உயரத்திலிருந்து பார்த்தால் கூம்புக் காட்டுக்குள் காணாமல் போய்விடும். அதைக் காலையிலேயே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

மைதானத்தில் சில நூறு கூம்புகள் இருக்கும். உங்கள் வண்டி ஒட்டிப் போக வேண்டியவை பதினைந்து, இருபதுதான். மற்றவை அலங்காரம், தடம் எங்கே போகிறது என்று காட்ட வைத்தவை. மூன்றாவது நடையில் அந்தப் பதினைந்தை மட்டும் எண்ணுங்கள். முடிவுக் கோட்டிலிருந்து பின்னோக்கி நடந்தால் இன்னும் நன்று. ஏனென்றால் ஒரு திருப்பத்தை எங்கே முடிக்க வேண்டும் என்பதை அதற்கு அடுத்த திருப்பம்தான் தீர்மானிக்கிறது. முன்னோக்கி நடப்பவர்கள் ஒவ்வொரு திருப்பத்தையும் தனித்தனியாக அழகாக எடுப்பார்கள். மூன்றாவது திருப்பத்தில் வண்டி எங்கோ நிற்கும்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு தடத்தை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். கையில் ஸ்டாப் வாட்ச் இருக்கட்டும். 55 நொடித் தடம் மனத்தில் 30 நொடியில் முடிந்தால், நடுவில் ஏதோ ஒரு பகுதி உங்களுக்குத் தெரியவில்லை, தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். எந்தப் பகுதி என்று பார்த்து, அங்கே மட்டும் போய் மறுபடி நடங்கள்.

இயற்பியல்வாத்தியார் (நியூ ஜெர்சி)

அண்ணன் சொன்னதற்கு எண் சேர்க்கிறேன். அந்தக் கூம்புகளை எவ்வளவு ஒட்டிப் போக வேண்டும் என்பதை யாரும் கணக்காகச் சொல்வதில்லை. "ஒட்டிப் போ" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஸ்லாலம் ஒன்றை, அதாவது வரிசையாக நிற்கும் கூம்புகளுக்கு இடையே இடம் வலமாக வளைந்து போகும் பகுதியை, எடுத்துக்கொள்வோம். 18 மீட்டர் இடைவெளியில் ஐந்து கூம்புகள், அதாவது முதல் கூம்பிலிருந்து கடைசிக் கூம்பு வரை 72 மீட்டர். வண்டியின் மையம் ஒரு சைன் வளைவில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் டயர் தாங்குவது 1 ஜி-க்கு (புவியீர்ப்பு முடுக்கத்துக்கு) சற்றுக் குறைவு, 9.5 மீட்டர்/நொடி² என்போம். மியாட்டாவின் அகலம் 1.735 மீட்டர், பாதி 0.87. கூம்பின் அடிப்பகுதியில் பாதி 0.14.

வண்டிக்கும் கூம்புக்கும் 20 சென்டிமீட்டர் இடம் விட்டால், வண்டியின் மையம் கூம்பு வரிசையிலிருந்து 1.2 மீட்டர் விலகுகிறது. அந்த வளைவில் தாங்கக்கூடிய வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர். 70 சென்டிமீட்டர் விட்டால் விலகல் 1.7 மீட்டர், வேகம் மணிக்கு 49 கிலோமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. ஐந்து கூம்புகளைக் கடக்க முதல் வகையில் 4.5 நொடி. இரண்டாவது வகையில் 5.3 நொடி.

ஒரே ஒரு ஸ்லாலத்தில் முக்கால் நொடிக்கு மேல் போய்விட்டது. அரை மீட்டர் பயம்தான் காரணம். இது எளிமையாக்கிய கணக்கு; உண்மையில் எந்த வண்டியும் சைன் வளைவில் போவதில்லை. ஆனால் அளவு ஏறக்குறைய இதுதான். சுற்றிப் போவதால் கூடும் தூரம் மிகச் சொற்பம். நேரம் போவது தூரத்தால் அல்ல. அகலமாகப் போகும்போது வளைவு இறுகுகிறது, அதனால் வேகத்தைக் குறைத்தாக வேண்டியிருக்கிறது. உங்கள் இரண்டரை நொடியில் பெரும்பகுதி இங்கேயே இருக்கலாம்.

கடைசிகியர்

வாத்தியார் ஐயா, இதைப் படித்த பிறகு காணொளியை எடுத்துப் பார்த்தேன். 70 சென்டிமீட்டர் என்பது எனக்குத் தாராள மதிப்பெண். வலது பக்கக் கூம்புகளுக்கு ஒரு ஆளே நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

ஆனால் ஒட்டிப் போக வேண்டும் என்று நினைத்தாலே கண் அந்தக் கூம்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதைப் பார்த்தால் அடுத்ததற்குத் தாமதமாகிறது. பார்க்காவிட்டால் இடித்துவிடுவோம் என்று பயம். எப்படித்தான் செய்வது?

செந்தாமரை (டெக்சாஸ்)

தம்பி, இரண்டையும் ஒரே நேரத்தில் பழகாதீர்கள். வண்டியின் அகலத்தை அறிவது ஒரு வேலை. தூரப் பார்ப்பது இன்னொரு வேலை. முதலாவதை வண்டியை நகர்த்தாமலே பழகலாம்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் பெல்ட் போட்டு உட்காருங்கள். வீட்டில் யாரையாவது ஒரு கூம்பை, கூம்பு இல்லையென்றால் ஒரு வாளியை, முன் வலது சக்கரத்தை நோக்கி மெல்லத் தள்ளி வரச் சொல்லுங்கள். சக்கரத்திலிருந்து ஒரு சாண் தூரம் என்று உங்களுக்குத் தோன்றும்போது "நிறுத்து" என்று சொல்லுங்கள். இறங்கிப் போய் அளந்து பாருங்கள். என் கணவர் முதல் தடவை "நிறுத்து" என்றபோது வாளி ஒரு மீட்டருக்கு அப்பால் இருந்தது. அவர் நம்பாமல் டேப்பை இரண்டு முறை வைத்துப் பார்த்தார். அமெரிக்க வண்டியில் நாம் இடது பக்கம் உட்காருவதால் வலது பக்கம்தான் எல்லோருக்கும் கஷ்டம். வாளி பானெட்டின் விளிம்புக்குப் பின்னால் எப்போது மறைகிறது, மறைந்த பிறகு இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது மனத்தில் பதிந்துவிட்டால் கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. பின்சக்கரத்துக்கும் இதே பயிற்சியைச் செய்யுங்கள். ஸ்லாலத்தில் பெரும்பாலும் கூம்பைச் சாய்ப்பது பின்பக்கம்தான்.

இரண்டாவது வேலை, தூரப் பார்ப்பது. மணிக்கு 60 கிலோமீட்டரில் நொடிக்குப் பதினேழு மீட்டர் போகிறோம். பக்கத்தில் இருக்கும் கூம்பைக் கடக்கும்போது அடுத்த கூம்புக்கு ஒரு நொடிதான் இருக்கிறது. அதைப் பார்த்து, முடிவெடுத்து, கையைத் திருப்பி, டயர் பிடித்து வண்டி திரும்புவதற்குள் அது கடந்துவிடும். அதனால் கண் இரண்டு கூம்பு முன்னால் இருக்க வேண்டும். இதை வாய்விட்டுப் பழகுங்கள். ஓட்டும்போது எதைப் பார்க்கிறீர்களோ அதை உரக்கச் சொல்லுங்கள்: "வாசல், சுவர், ஸ்லாலம் மூன்று, ஸ்லாலம் ஐந்து, வெளியே." ஹெல்மெட்டுக்குள் பேசுவது யாருக்கும் கேட்காது, கேமரா பதிவில் உங்களுக்கு மட்டும் கேட்கும். எந்த இடத்தில் வாய் நின்றுபோகிறதோ அந்த இடத்தில் கண்ணும் பக்கத்தில் விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று. கூம்பைக் கடக்கும் நேரத்திலேயே வண்டியின் மூக்கு அடுத்த கூம்பின் மறுபக்கத்துக்குத் திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும். கடந்த பிறகு திருப்பினால் முதல் கூம்பில் கால் மீட்டர் தாமதம், இரண்டாவதில் ஒரு மீட்டர், நான்காவதில் பிரேக் போட வேண்டியிருக்கும்.

சும்மாஒருவன்

இடித்தால் 2 நொடி போய்விடுமே அக்கா? முக்கால் நொடிக்கு ஆசைப்பட்டு இரண்டு நொடியைக் கொடுப்பதா?

செந்தாமரை

கூம்பின் அடியைச் சுற்றிச் சுண்ணக்கோடு போட்டிருப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? இடம் பெயர்ந்தாலும், நின்றபடி அந்தக் கோட்டுப் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அபராதம் கிடையாது. உரசலுக்கு விதியே இடம் கொடுக்கிறது. ஒரு பருவம் முழுக்க ஒரு கூம்பையும் சாய்க்காதவர் தூரமாகவே ஓட்டியிருக்கிறார்.

செட்டிப்பாளையம் (கோவை)

இங்கே கோவையில் இருந்து ஒரு குரல். எங்கள் பக்கம் ஆட்டோகிராஸ் என்றால் பெரும்பாலும் மண் தரை. முன்னால் போனவர் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் நமக்குக் கொடி அசைத்துவிடுவார்கள். தடம் ஒவ்வொரு வண்டிக்கும் மாறிக்கொண்டே போகும்; காலையில் நடந்து மனப்பாடம் செய்த கோடு மதியம் பள்ளமாகியிருக்கும். அதனால் நீங்கள் பேசும் இருபது சென்டிமீட்டர் கணக்கு எனக்குக் கொஞ்சம் ஆடம்பரமாகத்தான் தெரிகிறது.

எனக்கு உடன்பாடில்லாத இடம் வேறு. தடம் படிப்பது, கண் பழக்குவது எல்லாம் சரி. வண்டி வழுக்கும்போது கை தானாக என்ன செய்கிறது என்பது நேரம் கொடுத்தால்தான் வரும். யோசித்துச் செய்ய அங்கே இடமே இல்லை. கார் பந்தய வீரர் கரிவர்தன் பெயரில் இங்கே செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. கோவையிலிருந்து வந்த பிள்ளைகள் பலர் கோ-கார்ட் என்ற சிறிய பந்தய வண்டியில்தான் கை பழகினார்கள். பத்து நிமிடக் கார்ட் ஓட்டத்தில் உங்கள் ஆட்டோகிராஸ் நாள் முழுவதையும்விட அதிக நேரம் டயர் எல்லையில் இருப்பீர்கள். மிச்சிகனில் வாடகைக் கார்ட் இல்லாமலா போகும்? வாரம் ஒரு முறை போங்கள். வலை அங்கே இருக்கிறது.

வளைகோடு

கோவைத் தம்பி சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். கார்ட் கண்ணையும் கையையும் வேகப்படுத்தும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கார்ட்டில் சஸ்பென்ஷன் கிடையாது. வாடகைக் கார்ட்டில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே. பிரேக்கை விடுவிக்கும் வேகத்தால் முன்பக்கம் எழும்புவதும், அந்த நொடியில் முன் டயரின் பிடி குறைவதும் அங்கே தெரியாது. மியாட்டாவில் ஆட்டம் முழுக்க அதுதான். மென்மையான ஸ்பிரிங், எடை மெதுவாகத்தான் இடம் மாறும். கார்ட்டில் பழகிய கையோடு மியாட்டாவுக்கு வருபவர்கள் ஸ்டியரிங்கை வெட்டி வெட்டித் திருப்புவதைப் பார்த்திருக்கிறேன். வண்டி அந்தக் கையைத் தொடர முடியாமல் ஆடிக்கொண்டே போகும்.

செட்டிப்பாளையம்

அண்ணா, அது கார்ட்டின் குற்றமல்ல. மாற்றிக்கொள்ளத் தெரியாதவர் குற்றம். எதிலும் கை பழகாமல் வருபவரைவிட அவர் மேல்.

வளைகோடு

இருக்கலாம். ஆனாலும் காசு ஒரு இடத்தில்தான் போடலாம் என்றால், நான் கார்ட்டுக்குப் போட மாட்டேன். கிளைகள் பருவத்தில் ஓரிரு முறை பயிற்சி நாள் நடத்தும். வெளியிலிருந்து எவல்யூஷன் போன்ற பள்ளிகளும் வந்து வகுப்பெடுக்கின்றன. பயிற்றுநர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, உங்கள் சொந்த வண்டியில், ஒரே தடத்தை மறுபடி மறுபடி ஓட்டவைப்பார். நேரம் கொடுப்பதோடு, செய்தது சரியா தவறா என்று அந்த நிமிடமே சொல்லவும் ஆள் இருக்கிறார். சொல்ல ஆளில்லாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் தப்பான பழக்கம்தான் உறுதிப்படும். பத்து வருடமாக ஒரே இடத்தில் ஒரே மாதிரி முன் டயரை அலற வைத்துக்கொண்டிருப்பவர்கள் எல்லாக் கிளையிலும் உண்டு.

கடைசிகியர்

அந்த அலறல் என்னிடமும் இருக்கிறது. நீண்ட வளைவில் வண்டி வெளியே போகிறது என்று நினைத்து ஸ்டியரிங்கை இன்னும் திருப்புகிறேன். சத்தம் கூடுகிறது, வண்டி திரும்புவதில்லை.

வளைகோடு

டயருக்கு ஒரு கோணம் வரை பிடி கூடும். அதைத் தாண்டினால் குறையும். நீங்கள் தாண்டிவிட்டு இன்னும் திருப்புகிறீர்கள். அடுத்த முறை அதே இடத்தில் ஸ்டியரிங்கைச் சற்றே விட்டுக் கொடுங்கள், ஆக்ஸிலேட்டரையும் அரை மூச்சு தளர்த்துங்கள். மூக்கு உள்ளே வரும். மனது ஒப்பாது, வெளியே போகும் வண்டிக்குக் கையைக் குறைப்பதா என்று தோன்றும். பயிற்சி நாளில் வட்டமாகக் கூம்பு வைத்த இடத்தில் இதை மட்டுமே செய்யுங்கள். சத்தம் மெல்லிய உறுமலாக இருக்கும் இடத்தில் வண்டி அதிகபட்சமாகத் திரும்பும். கிறீச்சிடும்போது நேரத்தை எரிக்கிறீர்கள்.

காதைப் பழக்க இன்னொரு இடம் இருக்கிறது, அதுவும் இலவசம். ஓட்டாத நேரத்தில் கூம்பு எடுத்துவைக்கும் பணிக்கு நிற்பீர்கள் அல்லவா? பலர் அந்த நேரத்தில் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். அது ஆபத்தும்கூட. வேகமான வண்டி வரும்போது எந்த இடத்தில் பிரேக் விளக்கு எரிந்து அணைகிறது, எந்த இடத்தில் டயர் சத்தம் மாறுகிறது என்று கவனியுங்கள். மெதுவான வண்டிகளில் விளக்கு சீக்கிரமே எரிந்து, திருப்பம் தொடங்குவதற்கு முன்பே அணைந்துவிடும். வேகமானவர்களுடையது தாமதமாக எரியும்; திருப்பத்துக்குள் நுழைந்த பிறகும் கொஞ்சம் மினுங்கும்.

ரப்பர்மணம்

பிரேக் பேச்சு வந்ததால் கேட்கிறேன். இடது காலால் பிரேக் போடச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லையா? ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்குக்குக் கொண்டு போகும் நேரம் மிச்சமாகுமே.

இயற்பியல்வாத்தியார்

மிச்சமாகும், ஆட்டோகிராஸில் பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே ஓட்டம் முடிவதால் கிளட்ச் தேவையும் இல்லை. ஆனால் பத்து வருடமாகக் கிளட்சை மிதித்துப் பழகிய கால் பிரேக்கையும் அப்படியே மிதிக்கும். இரண்டரை நொடி பின்தங்கியிருப்பவருக்கு அது இப்போது வேண்டாம் என்பேன்.

செந்தாமரை

எனக்கு அது உதவுகிறது. ஆனால் எங்கள் வண்டி முன்சக்கர இயக்கம். திருப்பத்தில் ஆக்ஸிலேட்டரை விடாமல் மூக்கை உள்ளே இழுக்க வசதியாக இருக்கிறது. பின்சக்கர இயக்கமுள்ள மியாட்டாவுக்கு அவ்வளவு அவசரமில்லை.

வேறொன்று சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் வீட்டில் ஒரே வண்டியை நானும் கணவரும் போட்டியில் ஓட்டுகிறோம். விதியில் அதற்கு இடமுண்டு. டயர் சூடாவது தொல்லைதான், ஓட்டங்களுக்கு இடையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் இதற்கு நிகரான பயிற்சி எனக்குத் தெரியாது. அவர் அரை நொடி முந்தினால் வண்டியையோ டயரையோ சாக்கு சொல்ல முடியாது. எங்கே என்று தேடித்தான் ஆக வேண்டும். உங்கள் பிரிவில் வெல்பவர் உங்கள் வண்டியை ஓட்டச் சம்மதித்தார் அல்லவா? அடுத்த பருவத்தில் ஓரிரு நிகழ்வுகளுக்கு அவரையே கூட ஓட்டக் கேளுங்கள். நுழைவுக் கட்டணத்தை நீங்கள் கொடுத்தாலும் லாபம்தான். பல வட்டார நிகழ்வுகளில் பக்கத்து இருக்கையில் ஆளை ஏற்றிச் செல்லவும் அனுமதி உண்டு. அவரோடு உட்காரும்போது சாலையைப் பார்க்காதீர்கள், அவர் தலையைப் பாருங்கள். வண்டி திரும்புவதற்கு எவ்வளவு முன்னால் அந்த ஹெல்மெட் திரும்புகிறது என்று தெரியும்.

இயற்பியல்வாத்தியார்

அப்படி அவர் ஓட்டினால், ரேஸ்குரோனோ போன்ற செயலியில் இருவர் ஓட்டத்தையும் பதிவு செய்யுங்கள். கைப்பேசியில் உள்ள ஜிபிஎஸ்ஸை நம்ப வேண்டாம். நொடிக்கு ஒரு புள்ளி என்றால் பதினேழு மீட்டருக்கு ஒரு புள்ளி; ஒரு திருப்பமே இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் தொலைந்துவிடும். நொடிக்குப் பத்து புள்ளி தரும் தனிக் கருவி வாங்குங்கள். கூம்புத் தடத்துக்கு அது போதும்.

வரைபடத்தில் உச்ச வேகத்தைப் பார்த்துப் பெருமைப்படுவதுதான் எல்லோருடைய முதல் வேலை. அதை விடுங்கள். மிகக் குறைந்த வேகம் எங்கே, எவ்வளவு என்று பாருங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் இருபது மீட்டருக்கு 2.4 நொடி ஆகிறது. அதை 33 ஆக்கினால் 2.2 நொடிக்கும் கீழே வந்துவிடும். மணிக்கு 90-ல் போகும் இருபது மீட்டரில் அதே 3 கிலோமீட்டரைக் கூட்டினால் ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்குதான் கிடைக்கும். மெதுவான இடத்தில்தான் நேரம் தங்குகிறது. அங்கிருந்து வெளியே வரும் வேகம் அடுத்த நேர்கோடு முழுக்கவும் கூட வருகிறது.

கடைசிகியர்

நிறைய வந்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி. ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்ய முயன்றால் எதுவும் நடக்காது என்று மட்டும் புரிகிறது. இங்கே பருவம் முடியப் போகிறது, ஏப்ரல் வரை பனி. குளிர்காலத்தில் சிமுலேட்டர் உதவுமா? அசெட்டோ கோர்சா என்ற கார் பந்தயக் கணினி விளையாட்டில் கூம்புத் தடங்கள் கிடைக்கின்றன என்று கேள்விப்பட்டேன்.

செட்டிப்பாளையம்

உள்ளரங்கக் கார்ட்டுக்குப் பனி தெரியாது. சொல்லிவிட்டேன்.

செந்தாமரை

சிமுலேட்டர் உதவும், ஆனால் எதற்கு என்று தெரிந்து உட்காருங்கள். இருக்கையில் உடம்பு உணர்வது அதில் வராது. புதுத் தடத்தை ஒரு பார்வையில் மனத்தில் ஏற்றிக்கொள்ளவும், கண்ணை முன்னால் ஓட்டவும் பழகலாம். ஒரு தடத்தை மூன்று முறைக்கு மேல் ஓட்டாதீர்கள். உடனே அடுத்த தடத்துக்கு மாறுங்கள். ஒன்றையே ஐம்பது முறை ஓட்டி நேரத்தைக் குறைப்பதில் போதை இருக்கிறது, பயன் இல்லை. நம் போட்டியில் ஐம்பதாவது ஓட்டமே கிடையாது.

பனி முடிந்து வரும் முதல் பயிற்சி நாளுக்கு ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு போங்கள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் வலது பக்கக் கூம்புகள். அன்றைக்கு நேரப் பலகையைப் பார்க்கவே வேண்டாம்.

வளைகோடு

அதோடு கடைசி ஓட்டத்தில் மட்டும் வீரம் காட்ட வேண்டாம். முந்தைய ஓட்டத்தில் ஒரு இடத்தில் நேரம் இருக்கிறது என்று தெரிந்தால் அந்த ஒரு இடத்தை மட்டும் மாற்றுங்கள். ஓட்டம் முடிந்து நிறுத்துமிடத்துக்குத் திரும்பியதும், ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே எங்கே தாமதித்தோம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். பக்கத்து ஆள் "எப்படிப் போனது?" என்று கேட்டுப் பதில் சொல்லத் தொடங்கிவிட்டால் நினைவு கதையாகிவிடும்.

ரப்பர்மணம்

டயரைப் பற்றி நான் பேசினால் யாருக்கும் பிடிப்பதில்லை என்று தெரியும். ஆனாலும் மிச்சிகன் குளிர் என்றதால் சொல்கிறேன். அந்த 200 டிரெட்வேர் டயர்களைக் கராஜில் விட்டுவிடாதீர்கள். இந்த வகை ரப்பர் கடுங்குளிரில் கண்ணாடிபோல் விறைத்துவிடும். அந்த நிலையில் வண்டியை நகர்த்தினாலோ டயரைத் தூக்கிப் போட்டாலோ கட்டைகளில் வெடிப்பு விழும். பூஜ்ஜியத்துக்குக் கீழே ஏழு டிகிரிக்கு அப்பால் போகக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் சிலர் எச்சரிக்கையே அச்சிடுகிறார்கள். கழற்றி, கறுப்புப் பையில் கட்டி, வீட்டுக்குள் நிலவறையில் வையுங்கள்.

கடைசிகியர்

இது எனக்குத் தெரியாது. இன்றே கழற்றுகிறேன். நான்கையும் நிலவறைக்கு இறக்க வீட்டில் அனுமதி வாங்குவதுதான் பாக்கி. அப்படியே வாளி பிடிக்கவும் ஆள் கேட்டு வைக்கிறேன்.